கருங்கழுத்தும் மீசை மெழுகும்

புரொஃபசர் ஹால்வர் பிராண்டெலின் மீசையைக் கண்டால் ஸ்மோலண்ட் காட்டுக் காளைமான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொள்ளும் என்று சொல்வார்கள். இரண்டு கன்னங்களையும் கடந்து, காதுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று, அங்கிருந்து மேலே வளைந்து ஊசிமுனையாக முடியும் மீசை அது. புயலடித்தால் ஏரியில் படகு கவிழும், ஆய்வு நிலையத்தின் கொடிக்கம்பம் சாயும். அந்த மீசை அசையாது. எல்லாம் ஸ்டாக்ஹோமிலிருந்து தகர டப்பாவில் வரும் மெழுகின் மகிமை. லில்லிப்பூ வாசம் போட்ட மெழுகு. இங்கே டப்பாவைத் திறந்தால் அக்கரைச் சர்ச்சில் பாதிரியார் தும்முவார்.

அந்த வாசம் தெரியாத ஆள் ஊரிலேயே ஒருவர்தான். மீசைக்காரர். பூச்சிகளைக் கொல்லும் பாட்டிலுக்குள் வாழ்நாள் முழுக்க மூக்கை விட்டுப் பார்த்ததில், புரொஃபசரின் மூக்கு கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும் உதவும் உறுப்பாகிப் போயிருந்தது. இதை அவர் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ரோஜாவைக் கண்டால் குனிந்து, கண்ணை மூடி, "ஆஹா!" என்பார். காகித ரோஜாவுக்கும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஜூலை முடியும் நேரம். காலைக் குளிரில் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. இல்வா ரென்ஸ்ட்ரோம் அவருக்குப் பக்கத்தில் ஒரு பிர்ச் மரத்தடியில் குந்தியிருந்தாள். அவள் வேதியியல்காரி, வாசம் பிரிக்கும் இயந்திரத்தோடு அந்தக் கோடைக்கு வந்து சேர்ந்தவள். வலையில் சிக்கிய ஆண் தேனீ ஒன்று புரொஃபசரின் உள்ளங்கையில் குளிரில் விறைத்துக் கிடந்தது. நம்மூர்த் தேனீ மாதிரி ஒல்லிக்குச்சி கிடையாது. கம்பளி போர்த்திப் பிறந்த குண்டு ஜாதி, பம்பிள் தேனீ. புரொஃபசர் அதை உதட்டருகே கொண்டுபோய், காதலியின் கழுத்தில் ஊதுவதுபோல் மெதுவாக ஊதினார். ஈரத்தில் ஒட்டியிருந்த முடி பிரிந்தது. மஞ்சள் கழுத்துப்பட்டிக்குள் கறுப்பு முடி ஒரு கீற்றாகத் தெரிந்தது. மீசை முனை தேனீயின் தலையைத் தடவிக் கொடுத்தது.

"கருங்கழுத்து! டாக்டர் ரென்ஸ்ட்ரோம் பாக்கறாங்களா? என் கண்ணு!"

"பாக்கறா. புரொஃபசர் எல்லாத் தேனீயையும் இப்படித்தான் ஊதிப் பாப்பாரா?" என்றாள் இல்வா. அந்த நாட்டில் எதிரில் இருப்பவரையே பட்டம் சொல்லி, மூன்றாம் ஆளைப்போல்தான் பேச வேண்டும்.

"வெறும் வெள்ளைவாலை எவன் ஊதுவான்? என் கண்ணுக்கு அது தூரத்துலயே தெரியும். என் பிள்ளைங்களை மட்டும்தான் ஊதணும்."

தேனீயைக் குப்பியில் போட்டு அவளிடம் நீட்டினார். இல்வா மூடும் முன் ஒரு கணம் முகர்ந்தாள். லில்லிப்பூ.

ஒரு வார்த்தை போதும். 'புரொஃபசரோட மீசை மெழுகு தேனீமேல ஒட்டுது' என்று சொல்லியிருந்தால் அவர் மீசையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். இல்வா வாயைத் திறந்தாள். ஏரியைப் பார்த்தாள். குப்பியை மூடினாள். வாயையும் மூடினாள்.

வெள்ளைவால் தேனீ, கருங்கழுத்துத் தேனீ இரண்டும் ஒரே ஜாதியா வேறா என்பதுதான் வழக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒரே அச்சு, கழுத்தில் நாலு கறுப்பு முடியைத் தவிர. ஆனால் தேனீ கண்ணை நம்பிக் கல்யாணம் செய்வதில்லை. ஆண்கள் காலையில் சுற்றிச் சுற்றி வந்து இலையிலும் சுள்ளியிலும் வாயால் வாசம் தடவி வைக்கும். அதே ஜாதி ஆண்கள் அந்த இடத்தையே சுற்றும், அந்தந்த ஜாதிப் பெண் தன் ஜாதி வாசத்துக்குத்தான் வரும். ஆணின் தலையை வெட்டிக் கரைப்பானில் ஊறவைத்து, ஒரு துளியை ஊசிக்குழலால் இயந்திரத்துக்குள் செலுத்தினால், அது வாசத்தைப் பிரித்துக் காகிதச் சுருளில் மலை மலையாக வரையும். மலைகள் வேறாக இருந்தால் ஜாதியும் வேறு. கருங்கழுத்து தனி ஜாதி என்று முப்பது வருஷமாகச் சாதித்து வந்தவர் பிராண்டெல். அதற்கு லத்தீன் பெயர் வைத்ததும் அவரே. பெயருக்குப் பின்னால் 'பிராண்டெல்' என்று வால் மாதிரி அவர் பெயரும் தொங்கும், உலகம் உள்ளளவும்.

ஆனால் அவருக்கு இரண்டு வருஷம் முன்பே ஒருவர் அந்தத் தேனீக்குப் பெயர் வைத்திருந்தார். அல்கொத் ஹுல்தின், கிராமப் பள்ளி ஆசிரியர். பிடித்தது ஒரே ஒரு தேனீ. அதை மியூசியத்துக்குக் கொடுப்பதற்காகக் கையோடு கொண்டுவந்து, பூச்சியியல் சங்கத்தின் கிறிஸ்துமஸ் கூட்டத்தில், இரவல் கோட்டு போட்டுக்கொண்டு, நடுங்கி நடுங்கிப் பேசினார். முன்வரிசையிலிருந்து இளம் பிராண்டெல் எழுந்து வந்து, தேனீயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அதன் கழுத்தில் ஒரு ஊது ஊதினார்.

"கரி," என்றார். "வாத்தியார் வீட்டுப் புகைக்கூண்டுல விழுந்து எழுந்திருக்கு. குளிப்பாட்டிப் பாத்தாரா வாத்தியார்?"

கூரை பெயர்ந்து விழும்படி சபை சிரித்தது. அன்றிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கரி வாத்தியார். கரும்பலகையில் முகம் வரைந்து வைத்தார்கள். மார்ச் மாதம், ஏரிப் பனி இளகிக்கொண்டிருந்தபோது, வாத்தியார் அதன் மேல் நடந்துபோனார். பாதி தூரம்தான் பனி தாங்கியது. அப்போது அவர் மகளுக்கு மூன்று வயது. பெயர் இல்வா. பிறகு கல்யாணத்தில் ரென்ஸ்ட்ரோம் ஆனாள். புருஷன் போய்விட்டான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயர் விஷயத்தில் பூச்சிக்காரர்களின் சட்டம் கல்லில் வெட்டியது: முந்தி வைத்தவன் பெயரே பெயர். கருங்கழுத்து உண்மையான ஜாதி என்று இயந்திரம் சொல்லிவிட்டால், மியூசியத்தில் இருக்கும் அப்பாவின் தேனீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் போதும். 'பிராண்டெல்' கழன்று விழும், 'ஹுல்தின்' ஏறி உட்காரும். இல்வா வந்தது அதற்குத்தான். போகிற போக்கில் அந்த மீசையையும் மண்ணில் புரட்ட வழி கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கிடைத்தால் விடுவாளா?

இதற்கிடையில் ஒன்று. ஜூன் மாதம் வந்த புதிதில், உலர்ந்த பழைய தேனீயையும் இயந்திரம் படிக்குமா என்று பார்க்க அவளுக்கு ஆசை. ஒன்றுக்கும் உதவாத ஆண் தேனீக்கள் நாலைந்து கிடைக்குமா என்று கேட்டாள். மியூசியமும் பிராண்டெலின் பொறுப்புதான். ஒரு சுருட்டுப் பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

"குப்பை. பேர்ச் சீட்டு இல்லாதது, பிறப்பு தெரியாதது. டாக்டர் தாராளமா நசுக்கலாம்."

நசுக்கினாள். கல்வத்தில் போட்டுப் பொடியாக்கினாள். இயந்திரம் தட்டையாக ஒரு கோடு போட்டது. உலர்ந்ததில் வாசம் மிஞ்சவில்லை. மிஞ்சியது தேனீக்களைக் குத்தி வைத்திருந்த ஊசிகள்தான். அதில் ஒன்று தடிமனாக, முனையில் துளையோடு இருந்தது. இயந்திரத்தின் ஊசிக்குழல் அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க வாகாக இருந்ததால், அதை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டாள். அடைத்த போதெல்லாம் அதை எடுத்துக் குத்துவாள். புரொஃபசர் பார்த்துவிட்டுச் சின்னதாகச் சிரிப்பார்.

ஆகஸ்ட் பிறந்ததும் இல்வா இயந்திரத்தில் மூன்று ஓட்டம் ஓட்டினாள். முதலில் வெள்ளைவால்: அதற்கே உரிய மலைகள். அடுத்து, புரொஃபசர் ஊதிக் கொடுத்த கருங்கழுத்து: அதே வரிசைக்கு நடுவில் புதிதாக ஒரு பெரிய மலை, ஆல்ப்ஸ் மலை தோற்றுப்போகும் உயரம். மூன்றாவது, கை கழுவும் இடத்தில் புரொஃபசர் மறந்து வைத்திருந்த டப்பாவிலிருந்து நகக்கண்ணில் எடுத்து வந்த மெழுகு: அதே இடத்தில் அதே ஆல்ப்ஸ்.

நியாயமாக அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் தொழிலில் கறாரானவள். தான் மட்டும் தனியாகப் போய், யாரும் ஊதாமல், இடுக்கியால் பிடித்த கருங்கழுத்துகளையும் ஓட்டிப் பார்த்தாள். ஆல்ப்ஸ் இல்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, வெள்ளைவாலிடம் இல்லவே இல்லாத ஒரு சின்னக் குன்று. ஒவ்வொரு தலையிலும், தவறாமல்.

கருங்கழுத்து உண்மை. அப்பா சொன்னது உண்மை. இல்வா மேஜையில் தலையை வைத்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, குன்று இருந்த காகிதத்தை மடித்துத் தன் பெட்டியில் வைத்தாள். ஆல்ப்ஸ் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு புரொஃபசரிடம் போனாள்.

"புரொஃபசர் ஒரு தடவை இதைப் பாக்கறாரா?"

பார்த்தார். எழுபதை நெருங்கிய மனிதர் நாற்காலியைச் சுற்றி நடனம் ஆடினார். "என் பிள்ளை! என் மலை! இந்த மலை மேல ஏறி நின்னு அத்தனை பேர் மூஞ்சியிலயும் துப்பப் போறேன்!" சமையற்காரி தீரா ஓடிவந்து, அடுப்பில் எண்ணெய் கொட்டியதோ என்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

அந்த வாரமே நண்டு விருந்து. ஏரி நண்டுகள் சிவக்கச் சிவக்க வெந்து, சோம்பு மாதிரி நெடியடிக்கும் டில் பூவோடு பானை பானையாக வந்தன. தோட்டத்தில் நிலா முகம் வரைந்த காகித விளக்குகள். சங்கத்துப் பெரியவர்கள் நாற்பது பேர் ரயிலேறி வந்து, கழுத்தில் துணி கட்டி, தலையில் கூம்புக் காகிதத் தொப்பி மாட்டி, நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த உறிஞ்சல் சத்தத்தில் ஏரி மட்டம் குறைந்தது என்றால் பொய்யில்லை. வெளிச்சம் இன்னும் வானத்தில் மிச்சமிருந்தது.

பிராண்டெல் எழுந்து பேசினார். கருங்கழுத்து, முப்பது வருஷம், எதிரிகள், மலை. பிறகு சாராயக் கோப்பையை இல்வாவின் பக்கம் உயர்த்தினார். சபை உறிஞ்சுவதை நிறுத்தியது. புரொஃபசர் பட்டங்களைத் தள்ளிவைக்கப் போகிறார்! முறைப்படி மூத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இருவரும் சாகும்வரை 'நீ', 'வா', 'போ'. பிராண்டெல் கூடப்பிறந்த தம்பிக்கே அந்தச் சலுகையை யோசித்துத்தான் கொடுத்தார் என்று ஊரில் பேச்சு.

"டாக்டர் ரென்ஸ்ட்ரோம் சம்மதிச்சா..."

"புரொஃபசர் கொஞ்சம் பொறுக்கணும்," என்றாள் இல்வா. "முதல்ல எல்லாரும் அந்த மலையை ஒரு தடவை மோந்து பாக்கட்டுமே."

இரண்டு குப்பிகளைச் சுற்றுக்கு விட்டாள். முதலாவது வெள்ளைவால். மூக்குகள் குனிந்தன, நிமிர்ந்தன. "எலுமிச்சை மாதிரி..." என்றார் ஒருவர். இரண்டாவது, புரொஃபசரின் கருங்கழுத்து. முதல் மூக்கு குனிந்தது, நிமிரவில்லை. இன்னொரு தரம் குனிந்தது. அப்படியே திரும்பி மீசையைப் பார்த்தது. அடுத்த மூக்கும் அதையே செய்தது. மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நாற்பது காகிதத் தொப்பிகள் ஒவ்வொன்றாக மீசைப் பக்கம் திரும்பின.

குப்பி பிராண்டெலிடம் வந்தது. அவர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். "ஆஹா! காட்டு வாசம்! ஈரமான பாசி, கொஞ்சம் தேன். என் பிள்ளை வாசம் எனக்குத் தெரியாதா?"

"புரொஃபசர் இதையும் பாக்கறாரா?" இல்வா அவருடைய தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் திறந்து வைத்தாள். மூன்று காகிதங்களையும் விரித்தாள். "தேனீயை ஊதறப்போ மீசை உரசும். உரசினா மெழுகு ஒட்டும். இது கருங்கழுத்தோட மலை இல்ல. இது புரொஃபசரோட மீசை."

காகிதங்கள் கை மாறின. பிறகு யாரோ, "புது ஜாதிதான்! மீசைத் தேனீ!" என்றார். இன்னொருவர், "அதான் பெண் தேனீங்க எல்லாம் இவரையே சுத்துச்சா?" என்றார். அவ்வளவுதான். நாற்பது பேரும் வெடித்தார்கள். ஒருவருக்கு நண்டுக் கால் தொண்டையில் சிக்கி முதுகில் குத்த வேண்டியதாயிற்று. சங்கத் தலைவர் நாற்காலியோடு புல்லில் சாய்ந்து, எழ மனமில்லாமல் அங்கேயே படுத்துச் சிரித்தார். தீராகூட இடுப்பில் கட்டிய ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"குளிப்பாட்டிப் பாத்திருக்கலாம்," என்றாள் இல்வா, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பிராண்டெல் அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அடுத்தவன் கத்தி வைப்பதற்குள் தானே கழுத்தை அறுத்துக்கொள்ளும் பிறவி அவர். "கனவான்களே, கருங்கழுத்து கிடையாது," என்றார். "நான் வெச்ச பேரை நானே திரும்ப எடுத்துக்கறேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒரு நண்டை எடுத்து, ஓடு சிதற உடைத்து, கடைசித் துளிவரை உறிஞ்சினார். சிரிப்பு ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை விருந்தாளிகள் ரயிலுக்குப் போனபின், இல்வா படகுத்துறைக்கு வந்தாள். பிராண்டெல் பலகையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் சோப்பு நுரையோடு, மீசையைச் சிரைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கம் இன்னும் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது. மீசை போன பக்கத்து உதடு, வெயிலே படாத தவளை வயிறு மாதிரி வெளுத்திருந்தது.

அவள் கையில் மடித்த காகிதமும் ஒரு குப்பியும் இருந்தன. பாதி வெட்டிய மரத்தை நிற்க விடுவதற்கு அவள் வரவில்லை.

"புரொஃபசர் இன்னும் ஒண்ணு பாக்கணும்." காகிதத்தை அவர் முழங்காலில் விரித்தாள். "இது யாரும் ஊதாத கருங்கழுத்து. இந்தக் குன்று தெரியுதா? வெள்ளைவால்கிட்ட இது கிடையாது. அது தனி ஜாதிதான். புரொஃபசர் நேத்து நாப்பது பேருக்கு முன்னாடி கொன்னது உயிரோட இருக்கற ஜாதியை."

சவரக் கத்தி நின்றது.

"அதோட பேரு ஹுல்தின் வெச்ச பேரு," என்றாள். "எங்கப்பா. முந்தி வெச்சவர். அவரோட தேனீ மியூசியத்துல இருக்கு. நாளைக்கு நான் போய் எடுக்கப் போறேன்."

பிராண்டெல் அழுவார் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தக் கோடை முழுக்க. நுரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. தோள் குலுங்க, கத்தி நடுங்க, பாதி மீசையோடு அந்தக் கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹுல்தின் பொண்ணுன்னு வந்த அன்னிக்கே தெரியும்," என்றார். "பேசறதுக்கு முன்னாடி உதட்டைக் கடிச்சுக்கறது... அப்படியே அந்த ஆளு. டாக்டர் ரென்ஸ்ட்ரோம் இயந்திரத்தோட வர்றாங்க, கருங்கழுத்து ஜாதியா இல்லையான்னு சொல்லப் போறாங்க. ஜாதின்னு சொன்னா யார் பேரு போகும்? என் பேரு. இந்தச் சட்டத்தை நான் வகுப்பெடுத்தவன்மா. சும்மா உக்காந்திருப்பேனா?"

"என்ன சொல்றார் புரொஃபசர்?"

"டாக்டர் மேஜைமேல ஒரு ஊசி இருக்கே. குழல் அடைச்சா குத்தறது. நல்லா வேலை செய்யுதா?"

இல்வா திரும்பி ஆய்வு நிலையத்தின் ஜன்னலைப் பார்த்தாள்.

"பூச்சி குத்தற ஊசியில எங்கயாவது துளை இருக்குமா? துளை இருந்தா அது தையல் ஊசி. பூச்சி ஊசி வாங்க வக்கில்லாத வாத்தியார், பொண்டாட்டியோட தையல் பெட்டியில இருந்து எடுத்துக் குத்தினார். நாடு முழுக்கத் தையல் ஊசியில நின்ன தேனீ அது ஒண்ணுதான். சீட்டைக் கிழிச்சேன், சுருட்டுப் பெட்டியில போட்டேன். 'தாராளமா நசுக்கலாம்'னேன்." அவர் மறுபக்கக் கன்னத்தில் நுரையைத் தடவினார். "நான் அந்த வாத்தியாரைப் பாத்துச் சபையைச் சிரிக்கத்தான் வெச்சேன். கல்வத்துல போட்டு அரைச்சது டாக்டர்தான்."

ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. இல்வாவின் விரல்கள் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன, இன்னும் அந்தப் பொடி ஒட்டியிருப்பதுபோல்.

"போ," என்றார் பிராண்டெல், பட்டத்தை மறந்து, குதூகலமாக. "போய் ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லு. கருங்கழுத்து இருக்குன்னு நிரூபி. ஹுல்தின் எழுதினது 'கழுத்து கறுப்பு'ன்னு நாலு வரி. கரி பட்ட எந்தத் தேனீக்கும் அது பொருந்தும். தேனீ இல்லாம அந்த நாலு வரியை நாய்கூட சீந்தாது. அப்ப எந்தப் பேரு எழுந்து நிக்கும்? நேத்து நான் திரும்ப எடுத்துக்கிட்டது சாராயப் பேச்சு. சட்டத்துக்குக் காது கிடையாது. பிராண்டெல்! உன் கையாலயே எழுதணும். எழுதலைன்னா அந்தத் தேனீக்குப் பேரே இல்ல. எது வசதி?"

மீசையின் மிச்சப் பாதி பலகையில் விழுந்தது. மீசையில்லாத முகம் சின்னதாக, எதையும் ஒளிக்க இடமில்லாமல் இருந்தது. அவர் நுரை படிந்த கையை நீட்டினார்.

"இனிமே நமக்குள்ள பட்டம் எதுக்கு? நான் ஹால்வர்."

மூத்தவர் நீட்டிய கையை மறுக்க முடியாது. அவளும் அந்த நாட்டில் வளர்ந்தவள்தானே. கை தானாகப் போனது.

"இல்வா," என்றாள்.

பிறகு அவள் காகிதத்தை எடுத்துச் சோப்புக் கிண்ணத்தில் அமுக்கினாள். குன்று கரைந்து நீல மையாக நுரையில் ஓடியது. குப்பியைத் திறந்தாள். அந்த வருஷத்துச் சுத்தமான கருங்கழுத்து வாசம் மொத்தமும் அதற்குள்தான் இருந்தது. குனிந்து, நிதானமாக, அவருடைய இரண்டு பூட்சுகளின் மேலும் கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். உலர்ந்த வைக்கோலும் ஏதோ காட்டுப் பழமும் கலந்த வாசம் காற்றில் ஏறியது. அப்பா முகர்ந்திருப்பார், அவளுக்கு முன்னால் ஒரே ஒருவராக.

"ஏய், என்ன ஊத்தற?" பிராண்டெல் கால்களை இழுத்தார். மூக்கைச் சுருக்கி உறிஞ்சினார். ஒன்றும் தெரியவில்லை. முதன்முறையாக அவர் குரலில் பயம் எட்டிப் பார்த்தது. "என்ன அது? எப்படி இருக்கு வாசம்? இல்வா! சொல்லு!"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையோரப் புதரிலிருந்து ஒரு ஆண் தேனீ வந்து பூட்சைச் சுற்றியது. இன்னொன்று வந்தது. மேலும் ஒன்று.

"ஒண்ணும் இல்ல, ஹால்வர்," என்றாள் அவள், போகத் திரும்பியபடி. "கரி."